ஹெட்போனில் சரவுண்ட் ஒலி: கம்ப்யூட்டரில் அமைப்பதற்கான முழுமையான வழிகாட்டி

தண்டையார்பேட்டையிலோ வியாசர்பாடியிலோ பத்துக்குப் பத்து அறையில் ஐந்து ஸ்பீக்கரும் ஒரு வூஃபரும் வைத்துப் படம் பார்க்க ஆசைப்படுபவர், முதலில் பக்கத்து வீட்டுக்காரரிடம் சமாதானம் பேசிவிட்டு வர வேண்டும். சுவர் பொது, மாடிப்படி பொது. கீழ்வீட்டில் இரவு ஷிஃப்ட் முடித்துப் பகலில் தூங்குபவர் ஒருவர் கட்டாயம் இருப்பார். எண்ணூர் விரைவுச்சாலையில் கண்டெய்னர் லாரிகள் போகும் சத்தத்தைத் தெருவே பொறுத்துக்கொள்ளும். உங்கள் வூஃபரைப் பொறுத்துக்கொள்ளாது. ஆக, ஹெட்போன்தான் வழி.

சாதாரண ஹெட்போனிலேயே பின்னால் நடப்பவரின் காலடியைப் பின்னாலும், பக்கவாட்டில் போகும் வண்டியைப் பக்கவாட்டிலும் கேட்க முடியும். பெரும்பாலும் காசு செலவழிக்கவும் தேவையில்லை. ஆனால் இரண்டு நிபந்தனைகள் உண்டு. கம்ப்யூட்டருக்குள் வரும் ஒலியில் உண்மையாகவே பல சேனல்கள், அதாவது ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் தனித்தனி ஒலி ஓடைகள், இருக்க வேண்டும். அதை ஹெட்போனுக்கு ஏற்ப மாற்றும் வேலை ஒரே ஓர் இடத்தில் மட்டும் நடக்க வேண்டும். "சரவுண்ட் போட்டேன், கிணற்றுக்குள் பேசுவது போல இருக்கிறது" என்று என்னிடம் வருபவர்களின் கம்ப்யூட்டரில், அநேகமாக இரண்டாவது நிபந்தனைதான் உடைந்திருக்கும்.

காது எப்படித் திசையைக் கண்டுபிடிக்கிறது

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு நின்றாலும் ரயில் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று சொல்லிவிடுகிறோம். இடப்பக்கமிருந்து வரும் ஒலி இடது காதை முதலில் தொட்டு, தலையைச் சுற்றிக்கொண்டு வலது காதுக்குச் சற்றுத் தாமதமாகப் போய்ச் சேருகிறது. ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் ஓடும். அந்த வேகத்தில் இரண்டு காதுகளுக்கும் இடையிலான தாமதம் அதிகபட்சம் 0.7 மில்லி நொடியைத் தாண்டாது. மூளைக்கு அந்தத் துளி போதும். கூடவே, தலை ஒரு தடுப்பாக நிற்பதால் தூரத்துக் காதுக்குக் கீச்சென்ற ஒலிகள் மங்கிப் போகின்றன. மூன்றாவதாக, காது மடலின் மடிப்புகள் முன்னால் வரும் ஒலியை ஒரு விதமாகவும், பின்னாலும் மேலேயும் வருவதை வேறு விதமாகவும் மாற்றி உள்ளே அனுப்புகின்றன.

இந்த மூன்றையும் சேர்த்து அளந்து எழுதிய கணக்குக்குத்தான் எச்ஆர்டிஎஃப் என்று பெயர். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் 1994-இல் கெமார் என்ற பொம்மைத் தலையின் காதுகளில் மைக் வைத்து, எதிரொலி இல்லாத அறையில் 710 திசைகளிலிருந்து ஒலி எழுப்பிப் பதிவு செய்தார்கள். அந்த அளவுகள் பொதுவில் கொடுக்கப்பட்டதால் இன்றும் புழக்கத்தில் இருக்கின்றன. உங்கள் கம்ப்யூட்டரில் சரவுண்ட் மென்பொருள் செய்வதும் இதே கணக்குதான். 7.1 ஒலியில் (சுற்றிலும் ஏழு ஸ்பீக்கர், அதிர்வுக்கு ஒரு வூஃபர்) இருக்கும் ஒவ்வொரு ஸ்பீக்கரின் சத்தத்தையும் அதனதன் திசைக்குரிய கணக்கில் போட்டு, கடைசியில் இடது, வலது என இரண்டு ஓடைகளாக்கி ஹெட்போனுக்கு அனுப்புகிறது.

சிக்கல் எங்கே என்றால், அளந்தது பொம்மையின் காது, அல்லது யாரோ ஒருவரின் காது, உங்களுடையது அல்ல. அதனால் இடம், வலம் எல்லோருக்கும் துல்லியமாகக் கேட்கும். முன், பின் மட்டும் சிலருக்குக் குழம்பும். நேரில் இந்தக் குழப்பம் வந்தால் தலையைச் சற்றுத் திருப்பித் தீர்த்துக்கொள்கிறோம். ஹெட்போனோ தலையோடு சேர்ந்தே திரும்பிவிடுகிறது. நண்பர் புகழ்ந்த மென்பொருள் உங்களுக்கு ஒத்துவராவிட்டால் காரணம் இதுதான். இரண்டு மூன்றைப் போட்டுக் கேட்டுத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

படி 1: ஹெட்போனும் இணைப்பும்

காதை முழுக்க மூடும் சாதாரண ஸ்டீரியோ ஹெட்போன் போதும். தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறி அரசினர் தோட்டத்தில் இறங்கினால் ரிச்சி தெரு நடக்கும் தூரம்தான். அங்கே கடைக்குக் கடை "7.1 கேமிங் ஹெட்செட்" என்று பெட்டிகள் தொங்கும். அவற்றில் பெரும்பாலானவற்றைப் பிரித்துப் பார்த்தால் காதுக்கு ஒரே ஒரு ஸ்பீக்கர்தான் இருக்கும். 7.1 என்பது யுஎஸ்பி முனையில் உள்ள சிப்போ, அதோடு தரும் மென்பொருளோ போடும் கணக்கு. விண்டோஸில் இலவசமாக இருப்பதற்குத் தனியே பணம் கொடுக்க வேண்டாம். அந்தப் பணத்தை மெத்தென்ற காதுப்பட்டைக்கும் உறுதியான வயருக்கும் கொடுங்கள்.

பின்புறம் மூடிய வகையா, திறந்த வகையா? திறந்த வகையில் ஒலிவெளி அகலமாகக் கேட்கும் என்பது உண்மை. ஆனால் மின்விசிறியும் தெருவும் சேர்ந்து போடும் சத்தத்தில் அந்த அகலம் கரைந்துவிடும். நம் வீடுகளுக்கு மூடியதுதான் சரி. ஒரே ஒரு தொல்லை: குடிநீர் லாரி வந்து ஹாரன் அடித்தால் கேட்காது. வீட்டில் யாரிடமாவது சொல்லிவைத்துவிட்டு உட்காருங்கள். வெளிச்சத்தத்தை வெல்ல ஒலியைக் கூட்டிக்கொண்டே போகாமல் இருப்பதற்கும் மூடிய வகை உதவும். உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் வரம்பு, 80 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம்.

புளூடூத்தைவிட வயர் நல்லது. புளூடூத்தில் ஒலி சற்றுப் பிந்தி வரும் என்பது ஒரு காரணம். பெரிய காரணம் வேறு: அதே ஹெட்செட்டின் மைக்கில் நீங்கள் பேசத் தொடங்கியதும், பெரும்பாலான ஹெட்செட்கள் தொலைபேசிப் பேச்சுக்கான மோனோ முறைக்கு (இரண்டு காதுக்கும் ஒரே ஒலி) இறங்கிவிடும். சரவுண்ட் அந்த இடத்திலேயே முடிந்தது.

ஜாக்கையும் பாருங்கள். லேப்டாப்பில் ஒரே துளை. ஹெட்செட்டின் பின்னில் (செருகும் முனையில்) மூன்று கறுப்பு வளையங்கள் இருக்கும். பழைய டெஸ்க்டாப்பிலோ ஒலிக்குப் பச்சை, மைக்குக்கு இளஞ்சிவப்பு என இரண்டு துளைகள். இரண்டையும் பொருத்த ஒரு பிரிப்பு வயர் வேண்டும். அது இல்லாமல் அழுத்திச் செருகினாலோ, பின் அரைகுறையாக உட்கார்ந்தாலோ ஒரு வேடிக்கை நடக்கும்: இசை கேட்கும், பாடுபவரின் குரல் மட்டும் காணாமல் போயிருக்கும். கிரவுண்டு இணைப்பு விட்டுப்போனால் இரண்டு பக்கமும் பொதுவாக உள்ள ஒலி ஒன்றையொன்று அழித்துவிடும். குரல் நடுவில் இருப்பதால் முதலில் பலியாவது அதுதான். மென்பொருளைக் குற்றம் சொல்வதற்கு முன் செருகும் முனையை ஒருமுறை அழுத்திப் பாருங்கள்.

லேப்டாப்பில் சார்ஜரைச் செருகியதும் மட்டும் "ம்ம்ம்" என்று இரைந்தால், அது வீட்டு வயரிங்கில் எர்த் சரியில்லாததால் இருக்கலாம். சார்ஜரைக் கழற்றிக் கேளுங்கள். இரைச்சல் நின்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டிய வேலை.

இடது, வலது எழுத்துகள் தேய்ந்துபோயிருந்தால், மைக் அல்லது வயர் இருக்கும் பக்கம் பெரும்பாலும் இடது.

படி 2: பழைய வித்தைகளை எல்லாம் அணைத்தல்

புதிதாக ஒன்றைப் போடுவதற்கு முன் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பதை நிறுத்த வேண்டும். லேப்டாப் நிறுவனங்கள் தங்கள் பங்குக்கு ஓர் ஒலி மென்பொருளைப் போட்டே விற்கின்றன. அதைத் திறந்து, சரவுண்ட், பேஸ் பூஸ்ட், ரூம் எஃபெக்ட் என்று எது இருந்தாலும் அணையுங்கள். யுஎஸ்பி ஹெட்செட்டாக இருந்தால் அதன் மென்பொருளிலும், வயரில் தொங்கும் கட்டுப்பாட்டுப் பெட்டியில் 7.1 பொத்தான் இருந்தால் அதிலும் இதே வேலை. பிறகு விண்டோஸ் செட்டிங்ஸில் அக்சஸிபிலிட்டி பகுதிக்கு (விண்டோஸ் 10-இல் ஈஸ் ஆஃப் அக்சஸ்) போய், ஆடியோவின் கீழ் மோனோ ஆடியோ அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். அது இயங்கினால் வேறு எது செய்தும் பயனில்லை.

படி 3: விண்டோஸ் சோனிக்

ஹெட்போனில் சரவுண்ட் தரும் மைக்ரோசாஃப்டின் இலவச வசதி இது; 2017-லிருந்து விண்டோஸ் 10-இலும், பிறகு வந்த 11-இலும் கூடவே வருகிறது. தனியாக எதையும் இறக்க வேண்டாம்.

விண்டோஸ் 11 என்றால் செட்டிங்ஸ், சிஸ்டம், சவுண்ட் என்று போய் அவுட்புட் பகுதியில் உங்கள் ஹெட்போனின் பெயரைத் தட்டுங்கள். வரும் பக்கத்தில் ஃபார்மட் என்ற இடத்தில் 48000 ஹெர்ட்ஸ் இருக்கும் வரியைத் தேர்ந்தெடுங்கள். படங்களின் ஒலி பெரும்பாலும் இந்த அளவில்தான் பதிவாகிறது. இன்னும் கீழே ஸ்பேஷியல் சவுண்ட் என்ற பகுதி. அதில் "விண்டோஸ் சோனிக் ஃபார் ஹெட்போன்ஸ்" என்பதைத் தேர்ந்தெடுத்தால் முடிந்தது.

விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தந்த ஆதரவு 2025 அக்டோபரில் முடிந்துவிட்டாலும், நம் பக்கத்து வீடுகளில் பாதிக் கம்ப்யூட்டர்கள் அதில்தான் ஓடுகின்றன. அதில் கடிகாரத்துக்குப் பக்கத்தில் உள்ள ஸ்பீக்கர் படத்தை வலது கிளிக் செய்தாலே ஸ்பேஷியல் சவுண்ட் தெரியும்.

இதைப் போட்டதும் உங்கள் ஹெட்போன், கேம்களுக்கும் வீடியோ பிளேயர்களுக்கும் பல சேனல் கருவி போலத் தெரியத் தொடங்கும். அவை பின் ஸ்பீக்கருக்கான ஒலியையும் தனியாக அனுப்பும். அடுத்த படி அதைப் பொறுத்தது.

படி 4: உள்ளே வருவது என்ன?

பலர் தடுக்கி விழும் இடம் இது. ஸ்டீரியோ பாட்டில் பின்பக்க ஒலி என்று ஒன்று பதிவாகவே இல்லை. இல்லாததை எந்த மென்பொருளாலும் எடுத்துத் தர முடியாது. இருப்பதை எதிரொலியில் குழப்பித்தான் தரும். பாட்டுக் கேட்கும்போது சரவுண்டை அணைத்துவிடுங்கள். இளையராஜா பாட்டில் வயலின்கள் இடது வலதாகப் பிரிந்து நிற்பது ஸ்டீரியோவுக்காகச் செய்த வேலை. அதில் கைவைக்காமல் கேட்பதே அழகு. யூடியூபில் "8டி பாடல்" என்று சுற்றிச் சுற்றி வருகிறதே, அது ஏற்கெனவே ஹெட்போனுக்காகக் கலந்து வைத்த ஸ்டீரியோ. அதன் மேல் சரவுண்டையும் போட்டால் தலைதான் சுற்றும்.

படத்துக்கு: கோப்பை விஎல்சி பிளேயரில் திறந்து, டூல்ஸ் மெனுவில் கோடெக் இன்ஃபர்மேஷனைப் பாருங்கள். ஆடியோ வரிசையில் சேனல்கள் என்ற இடத்தில் "ஸ்டீரியோ" என்று இருந்தால் அவ்வளவுதான். "3எஃப்2ஆர்/எல்எஃப்இ" என்று இருந்தால் நல்ல செய்தி: முன்னால் மூன்று, பின்னால் இரண்டு, அதிர்வுக்கு ஒன்று, ஆக 5.1. அடுத்து, பிளேயரின் ஆடியோ அமைப்பில் பாஸ்த்ரூ அணைந்திருக்க வேண்டும். அது இயங்கினால் பிளேயர் ஒலியைப் பிரிக்காமல் மூட்டையாக அனுப்பும். பிரிப்பதற்கு ஹோம் தியேட்டர் பெட்டி இல்லாத ஹெட்போனில் அது வீண். ஓடிடி தளங்களில் படத்தின் பெயருக்குக் கீழே 5.1 என்றோ அட்மாஸ் (டால்பி நிறுவனத்தின் சரவுண்ட் முறை) என்றோ போட்டிருந்தாலும், கம்ப்யூட்டர் பிரவுசருக்கு வந்து சேர்வது பல நேரம் ஸ்டீரியோதான்.

கேமுக்கு: அதன் ஆடியோ செட்டிங்ஸைத் திறந்து, சொந்தமாக எச்ஆர்டிஎஃப் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். கவுண்டர்-ஸ்ட்ரைக் 2-இல் அது உள்ளேயே இருக்கிறது. வாலரன்ட்டில் தனிப் பொத்தான் உண்டு. மைன்கிராஃப்ட் ஜாவா பதிப்பில் டைரக்‌ஷனல் ஆடியோ என்ற பெயரில் இருக்கிறது. இப்படி இருந்தால் கேமில் இருப்பதையே போட்டு, விண்டோஸ் சோனிக்கை அணையுங்கள். கேமுக்குத்தான் எதிரி எந்தத் திசையில், எவ்வளவு உயரத்தில் நிற்கிறார் என்று நேரடியாகத் தெரியும். விண்டோஸுக்கு வந்து சேர்வது ஏழு ஸ்பீக்கர்களாகச் சுருக்கிய தகவல்தான்.

கேமில் சொந்தமாக எதுவும் இல்லை, ஆனால் ஸ்பீக்கர் வகை கேட்கிறது என்றால், "ஹெட்போன்" என்பதை விட்டுவிட்டு 7.1 அல்லது சரவுண்ட் என்பதைத் தேர்ந்தெடுங்கள், சோனிக் இயங்கட்டும். காதில் இருப்பது ஹெட்போன்தானே என்று அதையே தேர்ந்தெடுத்தால், கேம் ஸ்டீரியோவாகச் சுருக்கி அனுப்பிவிடும்.

கேமின் எச்ஆர்டிஎஃப், சோனிக் இரண்டும் சேர்ந்து இயங்கினால் என்ன ஆகும்? மாமியாரும் மருமகளும் ஆளுக்கொரு முறை உப்புப் போட்ட குழம்புதான்.

படி 5: சரியாக வந்திருக்கிறதா என்று சோதித்தல்

முதலில் ஹெட்போன் இல்லாமல் ஒரு சோதனை. நாற்காலியில் கண்ணை மூடி, தலையை அசைக்காமல் உட்காருங்கள். வீட்டில் ஒருவரைச் சாவிக்கொத்தோடு சுற்றி நடந்து, நின்று நின்று குலுக்கச் சொல்லி, ஒவ்வொரு முறையும் கையை நீட்டித் திசை காட்டுங்கள். பக்கவாட்டில் தவறவே மாட்டீர்கள். நேர் முன்னாலும் நேர் பின்னாலும் சொந்தக் காதே சில சமயம் தடுமாறுவதைப் பார்ப்பீர்கள். மென்பொருளிடம் எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்பதற்கு இதுவே அளவு.

பிறகு ஹெட்போனோடு. ஒவ்வொரு ஸ்பீக்கரின் பெயரையும் அந்தந்தத் திசையிலிருந்து சொல்லும் 7.1 சோதனைக் கோப்பு இணையத்தில் எளிதாகக் கிடைக்கும். இறக்கி விஎல்சியில் ஓடவிடுங்கள். யூடியூபில் இருக்கும் அதே பெயருள்ள வீடியோக்கள் பெரும்பாலும் ஸ்டீரியோ என்பதால் அவற்றை நம்ப வேண்டாம். பக்க ஸ்பீக்கரும் பின் ஸ்பீக்கரும் வேறு வேறு இடங்களில் கேட்க வேண்டும். இரண்டும் ஒரே இடத்தில் காதோடு ஒட்டிக் கேட்டால் சேனல்கள் வந்து சேரவில்லை, படி 4-க்குத் திரும்புங்கள். மைன்கிராஃப்ட் இருப்பவர்கள், ஓடும் தண்ணீருக்குப் பக்கத்தில் நின்று கண்ணை மூடி மவுஸை மெதுவாகத் திருப்பினால் போதும்: தண்ணீர் தலையைச் சுற்றி வர வேண்டும்.

சோனிக் பிடிக்கவில்லை என்றால்

மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் இரண்டு கட்டண வழிகள் உண்டு: டால்பி அக்சஸ் செயலி வழியாக வரும் டால்பி அட்மாஸ், டிடிஎஸ் சவுண்ட் அன்பவுண்ட் வழியாக வரும் டிடிஎஸ் ஹெட்போன் எக்ஸ். இரண்டுக்கும் இலவச சோதனைக் காலம் இருக்கிறது. பணம் கட்டுவதற்கு முன் அதை முழுக்கப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். நிறுவியதும் அதே ஸ்பேஷியல் சவுண்ட் பட்டியலில் பெயர் சேர்ந்துவிடும். என் காதுக்குப் படத்தில் டால்பி நன்றாக இருக்கிறது. கேமில் சோனிக்கிலிருந்து மாறுமளவுக்கு எதுவும் தெரியவில்லை.

கொஞ்சம் நோண்டிப் பார்க்கும் பொறுமை இருந்தால், ஹெசுவி என்ற இலவச மென்பொருள் எல்லாவற்றையும்விட மேல். பல நிறுவனங்களின் ஹெட்போன் சரவுண்ட் எப்படி ஒலிக்கிறது என்று பதிவு செய்த கோப்புகள் அதில் பட்டியலாக இருக்கின்றன. ஒவ்வொன்றாகத் தட்டி, உங்கள் காதுக்குப் பொருந்துவதை எடுத்துக்கொள்ளலாம். செய்முறை இது:

1. ஸ்பேஷியல் சவுண்டை அணையுங்கள்.

2. ஈக்வலைசர் ஏபிஓ என்ற இலவச மென்பொருளை நிறுவுங்கள்; ஹெசுவி இயங்குவது இதன் மேல்தான். நிறுவும்போது எந்தக் கருவிக்கு என்று ஒரு பட்டியல் வரும். ஹெட்போன் செருகியிருக்கும் கருவியை மட்டும் டிக் செய்து, கம்ப்யூட்டரை மறுதொடக்கம் செய்யுங்கள்.

3. கண்ட்ரோல் பேனலில் சவுண்ட் திறந்து, பிளேபேக் பட்டியலில் அதே கருவியைத் தேர்ந்தெடுத்து கான்ஃபிகர் அழுத்தி 7.1 என்று அமையுங்கள். காதில் இருப்பது இரண்டே ஸ்பீக்கர் என்றாலும் பரவாயில்லை. எட்டையும் இரண்டாக்குவது ஹெசுவியின் பொறுப்பு.

4. ஹெசுவியை நிறுவித் திறந்து, விர்ச்சுவலைசேஷன் பக்கத்தில் ஒரு கோப்பைத் தேர்ந்தெடுங்கள். 7.1 சோதனைக் கோப்பை ஓடவிட்டபடியே மாற்றி மாற்றிக் கேளுங்கள். ஜிஎஸ்எக்ஸ் என்று தொடங்குவதிலிருந்து ஆரம்பிக்கலாம். எதிரொலி குறைவு, கேமுக்குத் தெளிவு.

மூன்றாவது படியில் 7.1 என்ற தேர்வே இல்லாமல் ஸ்டீரியோ மட்டும் தெரியலாம். டெஸ்க்டாப்பாக இருந்தால் முன்பக்க ஜாக்கை விட்டு, பின்புறம் உள்ள பச்சை ஜாக்கில் செருகிப் பாருங்கள். பல மதர்போர்டுகளில் பின்பக்கத்துக்கு மட்டும் 7.1 தேர்வு தருகிறார்கள். லேப்டாப்பிலும் யுஎஸ்பி ஹெட்செட்டிலும் அந்த வழி இல்லை. அப்போது விபி-கேபிள் என்ற மெய்நிகர் ஒலிக் கருவியை நிறுவ வேண்டும். அதன் இன்புட்டை 7.1 என்று அமைத்து, விண்டோஸின் முதன்மைக் கருவியாக்கி, ஈக்வலைசர் ஏபிஓவை அதன் மேல் போடுங்கள். பிறகு ரெக்கார்டிங் பட்டியலில் கேபிள் அவுட்புட்டைத் திறந்து, லிசன் பக்கத்தில் உங்கள் ஹெட்போனைக் காட்டிவிடுங்கள். இந்தச் சுற்றுவழியில் ஒலி சற்றுத் தாமதமாகும். படத்துக்குத் தெரியாது, சுடுகிற கேமில் உறுத்தும்.

லினக்ஸ்காரர்களுக்குச் சுருக்கமாக: பைப்வயர் (லினக்ஸின் ஒலிச் சேவை) இருக்கும் எந்த வினியோகத்திலும் ஃபில்டர்-செயின் என்ற பகுதியோடு 5.1, 7.1 சரவுண்டுக்கான மாதிரி அமைப்புக் கோப்புகள் வருகின்றன. ஒன்று முன்னே சொன்ன கெமார் அளவுகளைக் கொண்டது, இன்னொன்று ஹெசுவியின் கோப்புகளை வாங்கிக்கொள்வது. உங்கள் கான்ஃபிக் அடைவுக்குப் படியெடுத்து, ஒலிக் கோப்பு இருக்கும் இடத்தை உள்ளே எழுதி, ஃபில்டர்-செயினை மீண்டும் தொடங்கினால் புதிய ஒலிக் கருவி ஒன்று பட்டியலில் தோன்றும்.

அடிக்கடி வரும் தொல்லைகள்

ஸ்பேஷியல் சவுண்ட் பட்டியல் மங்கலாக இருக்கிறது அல்லது போட்டதும் தானே அணைகிறது என்றால், புளூடூத் ஹெட்செட் பேச்சு முறையில் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். மைக்கைப் பயன்படுத்தும் செயலியை மூடினால் சரியாகும். அல்லது அந்தச் செயலியில் மைக்கை லேப்டாப்பின் சொந்த மைக்குக்கு மாற்றுங்கள்.

ஹெசுவி போட்ட பிறகு ஒலி குறைந்துவிட்டது என்று பலர் கேட்கிறார்கள். எட்டு சேனல்களை இரண்டில் சேர்க்கும்போது உச்சத்தில் உடையாமலிருக்க அளவைக் குறைத்துத்தான் வைக்க வேண்டும். விண்டோஸ் ஒலியளவைக் கூட்டிக்கொள்ளுங்கள். வெடிச்சத்தத்தில் கரகரத்தால் மட்டும் ஹெசுவியில் இன்னும் சில டெசிபல் குறையுங்கள்.

வசனம் தூரத்தில் கேட்டு, பின்னணி இசை மட்டும் அள்ளினால் நடு ஸ்பீக்கரின் பங்கு குறைவாக இருக்கிறது. ஹெசுவியில் ஒவ்வொரு சேனலையும் தனித்தனியாக ஏற்றி இறக்கலாம். நடுவைச் சற்று ஏற்றினால் போதும்.

நேற்றுவரை ஓடிய ஹெசுவி இன்று சொல்லாமல் கொள்ளாமல் சாதாரண ஸ்டீரியோவாகிவிட்டால், இடையில் விண்டோஸ் அப்டேட் ஒலி டிரைவரை மாற்றியிருக்கும். ஈக்வலைசர் ஏபிஓவின் கருவித் தேர்வுப் பெட்டியை மறுபடி திறந்து, விடுபட்ட டிக்கைப் போட்டு மறுதொடக்கம் செய்யுங்கள். கான்ஃபிகரில் 7.1 அமைப்பும் ஸ்டீரியோவுக்குத் திரும்பியிருக்கும். கையோடு அதையும் மாற்றிவிடுங்கள்.